முதல் நாளே சொல்லுங்கள்: போர்ட்ஃபோலியோ மதிப்பீட்டுக் குழுவுக்கு ஒரு திறந்த மடல்

மதிப்பிற்குரிய குழுவினருக்கு,

வணக்கம். முதுகலைப் படிப்பின் இறுதி போர்ட்ஃபோலியோவை, அதாவது இரண்டு ஆண்டு வேலைகளின் தொகுப்பைச் சமர்ப்பித்து, வைவா என்கிற வாய்மொழித் தேர்வும் முடிந்து, மதிப்பெண்ணும் கைக்கு வந்த பிறகு இந்த மடலை எழுதுகிறேன். மதிப்பெண் நன்றாகவே வந்திருக்கிறது. அதனால் இதை மறுமதிப்பீடு கேட்கும் மனு என்று எடுத்துக்கொள்ள வேண்டாம். சொல்லப்போனால், நன்றாக வந்த அந்த மதிப்பெண்தான் என்னை உறுத்திக்கொண்டிருக்கிறது.

என் போர்ட்ஃபோலியோவில் நீங்கள் அதிகம் பாராட்டியது இரண்டாவது சுயபரிசீலனைக் குறிப்பை. முதல் பருவத்தில் எழுதிய ஒரு கட்டுரையை முன்னால் வைத்து, அன்று எப்படி யோசித்தேன், ஆசிரியரின் கமென்டுகளைப் பார்த்து எப்படி மாறினேன் என்று ஒன்றரைப் பக்கத்தில் சொல்லியிருந்தேன். 'வளர்ச்சி தெளிவாகத் தெரிகிறது' என்று வைவாவில் சொன்னீர்கள். நானும் தலையாட்டினேன். அந்த ஒன்றரைப் பக்கத்தில் பாதி நானாகக் கட்டிச் சொன்னது.

ஏமாற்ற வேண்டும் என்று உட்கார்ந்து எழுதவில்லை. கடைசிப் பருவத்தின் இரண்டாவது வாரத்தில்தான் போர்ட்ஃபோலியோ கையேடு எங்கள் கைக்கு வந்தது. ஐந்து படைப்புகள், ஒவ்வொன்றுக்கும் ஒரு சுயபரிசீலனைக் குறிப்பு, முகப்பில் பத்துப் பக்கத்துக்கு மிகாத அறிமுகக் கட்டுரை, எல்லாம் சேர்ந்து ஒரே பிடிஎஃப். கெடு 9 வாரம். 'இரண்டு ஆண்டுகளில் மாணவர் வளர்ந்த விதத்துக்கான சான்றுகளை இணைக்க வேண்டும்' என்ற வரியைப் படித்ததுமே அந்த முதல் பருவக் கட்டுரைதான் நினைவுக்கு வந்தது. மெயிலில் தேடினேன். இறுதி வடிவம் கிடைத்தது. முதல் வரைவு பழைய மடிக்கணினியோடு போய்விட்டது. ஆசிரியர் எழுதிய கமென்டுகள் பாடத்துக்கான இணையப் பக்கத்தில் இருந்தன. பாடம் முடிந்து ஆறு மாதத்தில் அந்தப் பக்கத்தை மூடிவிடுவார்கள் என்பது எனக்குத் தெரியாது. மிஞ்சியது 62 என்ற எண் மட்டும்.

அந்தக் கட்டுரையின் மூன்றாம் பக்க ஓரத்தில் ஒரு குறிப்பு இருந்தது. நீளமான குறிப்பு. என் வாதம் உண்மையில் எங்கே தொடங்குகிறது என்பதைப் பற்றியது என்று மட்டும் நினைவு. அதைப் படித்த அன்று கோபம் வந்தது, இரண்டு நாள் கழித்துச் சரி என்று பட்டது, அதற்கப்புறம் நான் கட்டுரை எழுதும் முறையே மாறியது. ஆனால் அதில் என்ன சொல்லியிருந்தது என்பதை வார்த்தைக்கு வார்த்தை என்னால் இன்று சொல்ல முடியாது. கையேடு கேட்ட இடத்தில் ஏதாவது எழுத வேண்டுமே. அதனால் ஆசிரியர் என்ன சொல்லியிருக்கக்கூடும் என்று நானே ஊகித்து, அதற்கு நான் எப்படிப் பதிலளித்திருப்பேன் என்றும் ஊகித்து, அழகாகக் கோத்து எழுதினேன். கோர்வையாக வந்தது. வளர்ச்சி தெரிந்தது.

வகுப்பில் மற்றவர்களிடம் பேசிப் பார்த்தேன். ஏறக்குறைய எல்லாரிடமும் இதே மாதிரி ஒரு குறிப்பாவது இருக்கிறது. அதனால்தான் தனியாக மெயில் அனுப்பாமல் பொதுவில் எழுதுகிறேன்.

போர்ட்ஃபோலியோ என்ற சொல் இத்தாலிய மொழியிலிருந்து வந்தது. தாள்களைச் சுமந்து செல்லும் உறை என்பதுதான் மூலப் பொருள். ஓவியர்களும் கட்டடக் கலைஞர்களும் தங்கள் கைவேலையை அதில் வைத்துத் தூக்கிக்கொண்டு வேலை தேடிப் போனார்கள். அவர்களுக்குச் சிறந்ததை மட்டும் எடுத்து வைப்பது நியாயம்; வாடிக்கையாளரிடம் போய்ச் சரியாக வராத ஓவியத்தை யாராவது காட்டுவாரா? கல்விக்குள் அது வந்தபோது நோக்கம் வேறாக இருந்தது. 1980களில் அமெரிக்காவின் ஸ்டோனி புரூக் பல்கலைக்கழகத்தில் எழுத்துப் பயிற்சி ஆசிரியர்களான பீட்டர் எல்போவும் பாட் பெலனாஃபும் முதலாண்டு மாணவர்களின் எழுத்துத் தேர்ச்சித் தேர்வை எடுத்துவிட்டு அதன் இடத்தில் போர்ட்ஃபோலியோவைக் கொண்டுவந்தார்கள். ஒரே நாளில், ஒரே மணி நேரத்தில் எழுதுவதை வைத்து ஒருவரின் எழுத்தை அளக்க முடியாது என்பது அவர்கள் கட்சி. அதே காலத்தில் ஹார்வர்டின் ப்ராஜெக்ட் ஜீரோ என்ற கல்வி ஆய்வுக் குழுவில் உளவியலாளர் ஹோவர்ட் கார்ட்னரும் சக ஆய்வாளர்களும் கலைக் கல்விக்காக 'ப்ராசஸ்ஃபோலியோ' என்ற ஒன்றை முன்வைத்தார்கள். முடிந்த ஓவியத்தோடு பாதியில் விட்ட கோட்டோவியங்கள், தவறிப்போன முயற்சிகள், மற்றவர்கள் சொன்ன விமர்சனங்கள் எல்லாம் அதற்குள் இருக்கும்.

நம் கையேட்டின் முதல் பக்கம் வளர்ந்த விதத்தைக் காட்டும் இந்த இரண்டாவது வகையைப் பற்றித்தான் பேசுகிறது. ரூப்ரிக், அதாவது எதற்கு எவ்வளவு மதிப்பெண் என்று சொல்லும் அட்டவணை, முழுக்கச் சிறந்ததை மட்டும் அடுக்கும் முதல் வகையைக் கேட்கிறது. 'படைப்பின் தரம்' என்பதற்கு 50, 'சுயபரிசீலனை' என்பதற்கு 20, மிச்சம் வடிவம், மேற்கோள் முறை, மொழி. இப்படிப் பிரித்தால் புத்தியுள்ள மாணவர் என்ன செய்வார்? ஏற்கெனவே அதிக மதிப்பெண் வாங்கிய ஐந்தை எடுத்து அடுக்குவார். நானும் அதைத்தான் செய்தேன்.

நான் சேர்க்காமல் விட்ட ஒன்றைப் பற்றி இங்கே கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும், ஏனென்றால் இந்த இரண்டு ஆண்டில் நான் உண்மையிலேயே கற்றுக்கொண்டது அதில்தான் இருக்கிறது. இரண்டாம் பருவத்தில் ஆய்வுமுறைப் பாடத்துக்காக ஒரு வினாத்தாள் தயாரித்தேன். 46 கேள்விகள். ஒவ்வொன்றும் அவசியம் என்று தோன்றியது. முன்னோட்டமாக 12 பேரிடம் கொடுத்தேன். முழுதாக முடித்துத் தந்தவர்கள் 4 பேர். மற்றவர்கள் பாதிக்கு மேல் எல்லாக் கேள்விக்கும் ஒரே கட்டத்தில் டிக் அடித்துக்கொண்டே போயிருந்தார்கள். ஒரு கேள்வியில் நான் இரண்டு விஷயத்தை ஒன்றாகக் கேட்டிருந்தேன்: 'வகுப்பு பயனுள்ளதாகவும் ஆர்வமூட்டுவதாகவும் இருந்ததா?' பயனுள்ளது, ஆனால் ஆர்வமில்லை என்பவர் என்ன பதில் சொல்வார்? பாடப்புத்தகத்தில் படித்து, தேர்வில் எழுதி மதிப்பெண்ணும் வாங்கிய விஷயம்தான். ஆனாலும் அந்த 12 தாளையும் தரையில் பரப்பி வைத்துக்கொண்டு உட்கார்ந்த சாயங்காலத்தில்தான் எனக்கு அது புரிந்தது. வினாத்தாளை நான்கு தடவை மாற்றினேன். கடைசியில் 17 கேள்விகள் நின்றன. ஆனால் அதற்குள் பருவம் முடிந்துவிட்டது, தரவு போதவில்லை, அறிக்கைக்கு 51தான் கிடைத்தது.

போர்ட்ஃபோலியோவில் இந்த நான்கு வடிவத்தையும் வரிசையாக வைக்கலாமா என்று கைடிடம் கேட்டேன். நல்ல மனிதர், என் மேல் அக்கறை உள்ளவர். 'உங்களுக்கு எதுக்கு இந்த ரிஸ்க்? 78 வாங்கின கட்டுரை இருக்கே, அதைப் போடுங்க' என்றார். அவர் சொன்னதில் தவறே இல்லை. ரூப்ரிக்கைப் படித்த யாரும் அதைத்தான் சொல்வார்கள். 78 வாங்கிய கட்டுரை மூன்று நாளில் எழுதியது. எனக்கு முன்பே தெரிந்த விஷயத்தைப் பற்றியது. அதற்கான சுயபரிசீலனைக் குறிப்பில் 'சவால்களை எதிர்கொண்டேன்' என்று எழுத நான்தான் சவால்களைத் தேடிப்போக வேண்டியிருந்தது.

தொழில்முறைக் கற்றலை ஆராய்ந்த சிந்தனையாளர் டொனால்ட் ஷோன் 1983இல் எழுதியதை எங்கள் எல்லாருக்கும் முதல் பருவத்திலேயே பாடமாக வைத்தீர்கள். ஒரு வேலையைச் செய்துகொண்டிருக்கும்போதே யோசித்துத் திருத்திக்கொள்வது ஒன்று, முடித்த பிறகு திரும்பிப் பார்ப்பது இன்னொன்று என்று அவர் பிரித்துக் காட்டுகிறார். திரும்பிப் பார்க்க ஏதாவது கையில் இருக்க வேண்டும் அல்லவா? 18 மாதம் கழித்து, வரைவும் இல்லாமல், கமென்டும் இல்லாமல் பார்த்தால் கண்ணுக்குத் தெரிவது நம் கற்பனைதான்.

சரி, என்ன செய்யலாம் என்று நீங்கள் கேட்பீர்கள். முக்கியமாக நான் கேட்பது ஒன்றே ஒன்று: போர்ட்ஃபோலியோ இருக்கிறது என்பதை முதல் பருவத்தின் முதல் வாரத்தில் சொல்லுங்கள். முழுக் கையேடு வேண்டாம், அதை அப்போது யாரும் படிக்க மாட்டோம். ஒரே ஒரு பக்கம் போதும், மாணவர்களுக்கு இப்படிச் சொல்வதாக: ஒவ்வொரு பாடத்திலும் குறைந்தது ஒரு வேலையின் முதல் வரைவு, கமென்டுகள், இறுதி வடிவம் மூன்றையும் ஒரே ஃபோல்டரில் தேதியோடு எடுத்து வையுங்கள். கமென்டைப் படித்த வாரத்திலேயே நான்கு வரி எழுதிப் போடுங்கள். பாடப் பக்கம் எந்தத் தேதியில் மூடப்படும் என்பது இதோ. இவ்வளவுதான் அந்தப் பக்கத்தில் இருக்க வேண்டும். அந்த நான்கு வரியை யாரும் திருத்தவோ மதிப்பெண் போடவோ வேண்டாம். கோபத்தில் எழுதியிருந்தாலும் இருக்கட்டும். என்னிடம் அந்த நான்கு வரி இருந்திருந்தால் ஒன்றரைப் பக்கத்தைப் புனைய வேண்டியிருந்திருக்காது.

அப்புறம், நடுவழியில் ஒரு ஒத்திகை. ஸ்டோனி புரூக்கில் அப்படித்தான் செய்தார்கள். பருவத்தின் நடுவில் ஒரு படைப்பை மட்டும் கொடுத்துப் பார்க்கலாம். தேறினால் நல்லது, தேறாவிட்டால் திருத்தி இறுதித் தொகுப்பில் சேர்க்கலாம். படிப்பவர் பாடம் நடத்திய ஆசிரியராக இருக்க மாட்டார், மாணவரை அறியாத வேறொருவர். எங்களுக்கு மூன்றாம் பருவத்தின் இறுதியில் ஒரு படைப்பு, ஒரு குறிப்பு என்று வைத்தால் போதும். உங்கள் வேலைச்சுமை எனக்குத் தெரியாமல் இல்லை. ஆளுக்கு இருபது முப்பது தொகுப்பு படிக்கிறீர்கள். ஆனால் கடைசி மாதத்தில் 'குறிப்பில் என்ன எழுதணும்?' என்று ஒவ்வொருவராக உங்கள் அறைக்கு வந்து நிற்பதில் பாதியாவது இதனால் குறையும் என்று நினைக்கிறேன்.

ரூப்ரிக்கில் ஒரு வரி மாற்றமும் தேவை. ஐந்தில் ஒன்று தோல்வியடைந்த வேலையாக இருக்கலாம், அதன் தரத்துக்காக மதிப்பெண் குறையாது, அதிலிருந்து என்ன புரிந்துகொண்டார் என்பதற்கு மட்டுமே மதிப்பெண் என்று அச்சில் இருந்தால் என் கைடே அந்த வினாத்தாளைப் போடச் சொல்லியிருப்பார்.

வரைவுகளைக் கேட்பதில் உங்களுக்கும் ஒரு லாபம் இருக்கிறது. செயற்கை நுண்ணறிவை வைத்து எழுதினார்களா என்று இப்போது எல்லாத் தொகுப்பையும் ஒரு மென்பொருளில் போட்டுப் பார்க்கிறீர்கள். சாட்ஜிபிடியைச் செய்த ஓப்பன்ஏஐ நிறுவனமே இப்படிக் கண்டுபிடிக்கும் தன் கருவியைத் துல்லியம் போதவில்லை என்று 2023 ஜூலையில் நிறுத்திவிட்டது. என் வகுப்புத் தோழி ஒருத்தி தானே எழுதியதற்காக இரண்டு வாரம் விளக்கம் சொல்லிக்கொண்டிருந்தாள். அவளிடம் மூன்று வரைவுகள் இருந்தன. அவற்றைக் காட்டியதும் பிரச்சினை தீர்ந்தது. முதலிலேயே வரைவுகளைக் கேட்டிருந்தால் அந்த இரண்டு வாரம் மிச்சம்.

சமர்ப்பிக்கும் நாளைப் பற்றியும் சொல்லாமல் விட முடியாது, கொஞ்சம் சிரிப்பாகவும் இருக்கும். கையேட்டின் ஐந்தாம் பக்கம் தொகுப்பு பிடிஎஃப்/ஏ-1 வடிவில் இருக்க வேண்டும் என்கிறது. ஆறாம் பக்கம் வகுப்பெடுத்த காணொளிகளைத் தொகுப்பின் உள்ளேயே இணைக்கலாம் என்கிறது. பிடிஎஃப்/ஏ என்பது நீண்ட காலம் பாதுகாக்க வேண்டிய ஆவணங்களுக்காக 2005இல் வந்த ஐஎஸ்ஓ தரம். எந்தக் கணினியில் திறந்தாலும் ஒரே மாதிரி தெரிய வேண்டும் என்பதற்காக எழுத்துருக்களை உள்ளேயே பொதியச் சொல்லும், பாஸ்வேர்டு போட விடாது, அதன் முதல் வகையான பிடிஎஃப்/ஏ-1இல் ஆடியோவுக்கும் காணொளிக்கும் இடமே கிடையாது. ஆக, ஐந்தாம் பக்கத்தைக் கேட்டு நடந்தால் ஆறாம் பக்கத்தை மீற வேண்டும். நாங்கள் 14 பேர் கெடுவுக்கு முந்தின இரவு இதை வைத்து மண்டையை உடைத்துக்கொண்டோம். கடைசியில் ஆளுக்கொரு வழி. நான் காணொளியைத் தனியாக ஏற்றிவிட்டு இணைப்பு முகவரி மட்டும் கொடுத்தேன். அது இன்னும் ஐந்து வருடம் கழித்துத் திறக்குமா என்பது கடவுளுக்கே வெளிச்சம்.

எழுத்துருவைப் பொதியச் சொன்னது மட்டும் அருமையான விதி. என் நண்பர் அதைச் சட்டை செய்யவில்லை. அவருடைய நேர்காணல் பகுதிகள் தமிழில் இருந்தன. உங்கள் கணினியில் அந்தப் பக்கங்கள் முழுக்கக் கட்டம் கட்டமாகத் தெரிந்ததாக வைவாவில் சொன்னீர்கள். அவர் கணினியில் எல்லாம் சரியாகத்தான் இருந்தது. ஏன் இந்த விதி என்று கையேட்டில் ஒரு வாக்கியம் சேர்த்திருந்தால் அவரும் பொதிந்திருப்பார். இன்னொன்று: பதிவேற்றிய பிறகு திரையில் 'நன்றி' என்று மட்டும் வருகிறது. ரசீது மெயில் வருவதில்லை. 11.59க்குக் கெடு வைத்துவிட்டு, போய்ச் சேர்ந்ததா இல்லையா என்பதைச் சொல்லாமல் விட்டால் அன்றிரவு யாருக்குத் தூக்கம் வரும்? நான் திரையைப் போட்டோ எடுத்து வைத்துக்கொண்டேன்.

இதைவிடக் கனமான விஷயம் ஒன்று உண்டு. நாங்கள் எடுத்த நேர்காணல்களுக்கு ஒப்புதல் படிவம் வாங்கியிருக்கிறோம். அதில் 'வகுப்புப் பயிற்சிக்காக மட்டும்' என்று எழுதி, அப்படித்தான் அவர்களிடம் வாயாலும் சொன்னோம். இப்போது நல்ல போர்ட்ஃபோலியோக்களை நூலகத்தின் இணையக் களஞ்சியத்தில் பொதுப் பார்வைக்கு வைக்கப் போவதாக அறிவித்திருக்கிறீர்கள். பெயரை எடுத்துவிட்டால் போதும் என்று தோன்றலாம். ஒரு சின்னப் பள்ளியில் ஒரே ஒரு இசை ஆசிரியர் இருந்தால், பெயர் இல்லாமலே எல்லாருக்கும் அவர் யார் என்று தெரியும். வகுப்பறைக்குள் இருக்கும் என்று நம்பிப் பேசியவரை உலகம் படிக்கட்டும் என்று விட நமக்கு உரிமை இல்லை. முதல் நாளே போர்ட்ஃபோலியோவைப் பற்றிச் சொல்லியிருந்தால் ஒப்புதல் படிவத்திலேயே அதற்கும் ஒரு கட்டம் வைத்துக் கேட்டிருப்போம். இப்போதைக்கு, பின்னிணைப்புகளை மட்டுமாவது களஞ்சியத்தில் ஏற்றாமல் நிறுத்தி வையுங்கள்.

குழுவாகச் செய்த வேலைகளுக்கும் ஒரு வழி வேண்டும். நால்வர் சேர்ந்து செய்த ஒரு திட்டம் நால்வருடைய போர்ட்ஃபோலியோவிலும் இருக்கிறது. நால்வருமே 'பகுப்பாய்வை முன்னின்று செய்தேன்' என்று எழுதியிருக்கிறோம். பல ஆய்விதழ்கள் யார் எந்தப் பணியைச் செய்தார் என்று காட்ட கிரெடிட் (CRediT) என்ற பட்டியலைப் பயன்படுத்துகின்றன. கருத்தாக்கம், தரவு சேகரிப்பு, பகுப்பாய்வு, முதல் வரைவு, திருத்தம் என்று 14 வகைப் பணிகள் அதில் உண்டு. அதை வைத்து நால்வரும் ஒரே தாளில் கையெழுத்துப் போட்டு இணைத்தால் போதும். எங்களுக்குள்ளும் சண்டை குறையும்.

கடைசியாக ஒரு சொந்த வேண்டுகோள். 112 பக்கத் தொகுப்புக்கு எனக்குக் கிடைத்த எழுத்துபூர்வமான பதில் 'மிக நன்று' என்ற இரண்டு சொல். வைவாவில் நீங்கள் பேசியது நிறைய, ஆனால் பதற்றத்தில் எதுவும் மனதில் தங்கவில்லை. என் கட்டுரைகளில் நான் இன்னும் எங்கே தடுமாறுகிறேன் என்று யாராவது ஒருவர் நான்கு வரி எழுதித் தந்தால் போதும். அதைப் பத்திரமாக எடுத்து வைத்துக்கொள்வேன்.

அந்த முதல் பருவப் பாடத்தின் பக்கம் மூடப்பட்டாலும், உங்கள் சர்வரில் எங்காவது அதன் நகல் இருக்கக்கூடும் என்று தொழில்நுட்பப் பிரிவில் ஒருவர் சொன்னார். துறையிலிருந்து கடிதம் போனால் எடுத்துத் தருவார்களாம். மதிப்பெண் பட்டியலில் இனி எதுவும் மாறப்போவதில்லை, தெரியும். இரண்டாவது குறிப்பை உண்மையான கமென்டுகளை வைத்து மறுபடி எழுதி, பழையதற்குப் பதிலாகத் தொகுப்பில் வைக்க விரும்புகிறேன். முழுப் பக்கமும் கிடைக்காவிட்டால், மூன்றாம் பக்க ஓரத்தில் இருந்த அந்த ஒரு குறிப்பை மட்டுமாவது எடுத்துத் தரச் சொல்லி ஒரு கடிதம் எழுதித் தருவீர்களா?

இப்படிக்கு,
கடந்த பருவத்தில் போர்ட்ஃபோலியோ சமர்ப்பித்த மாணவி